சாரல் பக்கத்தில் வீடு கட்டப் போகிறீர்களா? சாமான் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தென்காசி, செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் முதல்முறையாக வீடு கட்டவோ, பழைய ஓட்டு வீட்டைச் சீர் செய்யவோ இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பாட்டி காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்து மேய்ந்து, பின்கட்டை இடித்துக் கட்டி, இரண்டு சாரல் பருவத்தை அதிலேயே கழித்தவன், அவ்வளவுதான்.

பட்ட பாட்டில் ஒன்று புரிந்தது. நம் பக்கத்தில் உடம்புக்குக் கெடுதலான சாமான்களை நாம் வாங்குவது பெரும்பாலும் ஈரத்துக்குப் பயந்துதான். ஒழுகும் என்று ஆஸ்பெஸ்டாஸ் சீட், கறையான் ஏறும் என்று பூச்சிமருந்து, சுவர் பொரிந்து உதிரும் என்று ஆயில் பெயிண்ட், கேட் துருப்பிடிக்கும் என்று குரோமேட் பிரைமர். அதனால் கடைக்குப் போகும் முன் தண்ணீரை ஒழுங்கு செய்துவிட்டால், வாங்க வேண்டிய பட்டியலில் பாதி தானாகவே அழிந்துபோகும்.

பிளான் தாளிலேயே தொடங்குங்கள்

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் நுழைகிற சாரல் நேராக விழாது, சாய்ந்து வந்து மேற்குச் சுவரில் அடிக்கும், சில நாள் விடியற்காலை தொடங்கி இரவு வரை அடிக்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தக் காலத்து வீடு ஏதாவது ஒன்றின் முன்னால் போய் நின்று பாருங்கள்: இறவாரம் இரண்டரை, மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டு சுவரை நனையவே விடாது. நாம் இப்போது கட்டுகிற பெட்டி வீட்டுக்கு ஜன்னல் மேலே மட்டும் ஒரு சன்ஷேடு, மற்றபடி சுவர் முழுக்க வானம் பார்த்தபடி நிற்கிறது, பிறகு அந்தச் சுவருக்கு டப்பா டப்பாவாக வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் பூசுகிறோம்.

ஆகவே மேற்குப் பக்கம் இறவாரமோ தாழ்வாரமோ கட்டாயம் வையுங்கள். பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடியாவது உயரட்டும், அதன் மேல் டிபிசி, அதாவது ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு, போட்ட பிறகுதான் சுவர் எழும்ப வேண்டும், வீட்டைச் சுற்றி விழுகிற தண்ணீர் வெளியே ஓடும்படி மண் சரிவு இருக்க வேண்டும். செலவு பெரிதாக ஏறாது. ஆனால் கட்டி முடித்த பிறகு இதைச் சேர்ப்பது பெரும்பாடு.

சுவர்: கல்லா, செங்கல்லா, பிளாக்கா

கேரளத்து வெட்டுக்கல், அதாவது செம்பாறாங்கல், நல்ல பொருள். சுட வேண்டியதில்லை, அதனால் விறகும் நிலக்கரியும் எரிவதில்லை. மண்ணுக்குள் இருக்கும்போது கோடாரியால் வெட்டுகிற அளவுக்கு மென்மையாக இருந்து, வெளியே எடுத்துக் காற்றுப்பட்டதும் இறுகுகிற கல் இது. மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துத்தான் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1807-ல் வெளியான தன் புத்தகத்தில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். வாங்கும்போது இரண்டு கல்லை மோதிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். வெள்ளை, மஞ்சள் களிமண் பொட்டுகள் உள்ளே தெரிந்தால் வேண்டாம். ஒரு கல்லை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் ஆணியால் கீறுங்கள், மாவாக உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள். எல்லை தாண்டி வருகிற லோடு என்பதால் நடைச்சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டி செக்போஸ்ட்டில் நிற்கும், உங்கள் கொத்தனார் கட்டாந்தரையில் உட்கார்ந்து கூலி வாங்குவார்.

செங்கல் என்றால் பக்கத்துச் சூளையில் வாங்குவதுதான் மிச்சம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர் கட்டிடங்களில் நிறையப் பயன்படுத்திய ஒரு முறை உண்டு, ராட் டிராப் பாண்ட், அதாவது எலிப்பொறிக் கட்டு என்பார்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவது. செங்கல் சுமார் கால் பங்கு குறையும், உள்ளே அடைபட்ட காற்றால் பங்குனி, சித்திரையிலும் அறை கொதிக்காது. கல் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் இது சரியாக வரும், அதனால் கோணல் மாணலான நாட்டுச் செங்கல்லில் முயலாதீர்கள்.

சிமெண்டை முழுக்கத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. மூட்டையில் பிபிசி (PPC) என்று போட்டிருந்தால் அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது, பிஎஸ்சி (PSC) என்றால் இரும்பு ஆலைக் கசடு. வீட்டு வேலைக்கு இரண்டும் தாராளமாகப் போதும். ஒரே நிபந்தனை, கட்டியதைத் தண்ணீர் விட்டு நனைத்து வைப்பதில் அவசரம் கூடாது: சாதா சிமெண்டுக்கு 7 நாள் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள். சித்தாள்கள் வெறுங்கையால் சிமெண்டு குழைப்பதையும் நிறுத்துங்கள். அதிலுள்ள குரோமியமும் காரமும் சேர்ந்து கை வெடித்துப் புண்ணாகிவிடும், ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது.

மணலுக்கு ஒரு பாட்டில் சோதனை. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் குவாரித் தூசியைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே தனியாகப் படியும் சேறு மாதிரியான அடுக்கு விரல் தடிமனுக்கு இருந்தால் லோடைத் திருப்புங்கள். கடற்கரை மணல் மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உப்பு கம்பியைத் தின்றுவிடும். அதோடு மணவாளக்குறிச்சியிலிருந்து சவரா வரைக்கும் உள்ள கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது, அதைச் சுவருக்குள் வைத்துப் பூசி அதோடு குடித்தனம் நடத்த வேண்டாமே.

பூச்சு: சுண்ணாம்பைக் கொஞ்சம் யோசியுங்கள்

நான் சொன்னதும் எங்கள் கொத்தனார் சிரித்தார். "அண்ணாச்சி, அதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சு. யாரு உக்காந்து அரைப்பா?" சரி, வீடு முழுக்க வேண்டாம், மேற்குப் பார்த்த ஒரு அறைக்கு மட்டும் செய்வோம் என்று பேசி முடித்தோம்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டித் தண்ணீரில் போடும்போது அது கொதிக்கும், நிஜமாகவே குமிழ் விட்டுக் கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. கண்ணில் தெறித்துவிட்டால் உடனே கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பைச் சலித்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது இரண்டு வாரம் ஊற விட வேண்டும். நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி வரும். இன்னொரு பானையில் தட்டிய கடுக்காயும் கருப்பட்டியும் தண்ணீரில் புளித்துக்கொண்டிருக்கும், புளித்த வாடை தெருமுனை வரைக்கும் வரும், பக்கத்து வீட்டில் என்ன காய்ச்சுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அந்தக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு கோட்டாகப் பூசினோம்.

இதில் என்ன லாபம்? சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சாரலில் இழுத்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும், காரத் தன்மையால் பூஞ்சைக் கறுப்பும் சீக்கிரம் பிடிக்காது. மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் எல்லாம் வீண், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு சுவர் கொப்பளித்துவிடும். வெள்ளையடிப்புதான் அதற்குச் சரி. நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் பச்சரிசிக் கஞ்சியும் ஒரு துளி நீலமும் போட்டு இரண்டு கோட்டு. தொட்டால் கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதை நான் மறைக்கப் போவதில்லை. கறுப்புச் சட்டை போட்ட விருந்தாளிகளைச் சுவரில் சாய விடாதீர்கள்.

ஆள் கிடைக்கவில்லையா, பொறுமை இல்லையா, சிமெண்டுப் பூச்சே போடுங்கள். ஆனால் அது முழுக்கக் காயும் வரை, குறைந்தது ஒரு மாதம், பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கூரை: ஆஸ்பெஸ்டாஸை எப்படி இறக்குவது

புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் சீட் வாங்கவே வாங்காதீர்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸ் நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்றைக்கு மூச்சில் போன நார் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதனால்தான் "நாங்க எல்லாம் இதுக்குக் கீழதானே வளர்ந்தோம்" என்று சொல்கிறவர்களிடம் வாதாட முடிவதில்லை. நம் நாட்டில் நாரை இறக்குமதி செய்து சீட் போடத் தடை இல்லை, கடையில் சிமெண்ட் சீட் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சீட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கிற சீட் உடையாமல் நன்றாக இருந்தால் பதற வேண்டாம், அப்படியே விடுங்கள். சீட் சும்மா கிடக்கும்போது ஆபத்து குறைவு, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும்தான் நார் பறக்கிறது. நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, சாரலுக்கு முன்னால் மேலே ஏறிக் கம்பிப் பிரஷ்ஷால் பாசியைத் தேய்ப்பது. அதைச் செய்யவே கூடாது.

இறக்கத்தான் வேண்டும் என்றால் இப்படி. காற்று இல்லாத நாளாகப் பாருங்கள். பிள்ளைகளை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சோப்புத் தூள் கொஞ்சம் கலந்த தண்ணீரை ஸ்பிரேயரில் பிடித்து சீட்டின் இரண்டு பக்கமும் நன்றாக நனையுங்கள், நனைந்த நார் பறக்காது. வேலை செய்கிறவர்களுக்கு பி-100 (P100) அல்லது எஃப்எஃப்பி-3 (FFP3) வகை மாஸ்க் குறைந்தபட்சம், துண்டைக் கட்டிக்கொண்டால் பிரயோஜனமில்லை. சீட்டைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள், கழற்ற வராவிட்டால் வெட்டி எடுங்கள். சீட்டை முழுசாக ஆள் மாற்றி ஆள் கையில் இறக்குங்கள், மேலிருந்து தூக்கிப் போடக் கூடாது. நனைந்த சீட் வழுக்கும், மிதித்தால் ஒடியும், அதனால் அதன் மேல் நடக்காமல் பலகை போட்டு நில்லுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் விரித்து இரண்டு சுற்றாகச் சுற்றி டேப் ஒட்டுங்கள். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பொட்டலத்தில் போடுங்கள். அன்றைக்குப் போட்ட சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று முதலிலேயே உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். பள்ளத்தில் நொறுக்கிப் போட்டு மண் மூடுவதும் கூடாது.

மாற்றுக்கு என் ஓட்டு பழைய ஓட்டுக்குத்தான். புனலூர், கொல்லம் போகிற வழியில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த சாமான் குவித்து வைத்திருப்பார்கள், ஓடு, உத்திரம், கதவு, நிலை எல்லாம் கிடைக்கும். ஓட்டை விரல் மடக்கித் தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலிக்க வேண்டும், தொத்தல் சத்தம் வந்தால் விரிசல். கான்கிரீட் கூரைதான் வேண்டும் என்பவர்கள் ஃபில்லர் ஸ்லாப் பற்றி இன்ஜினியரிடம் கேளுங்கள். கூரையின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு, அந்த இடத்தில் பழைய ஓட்டைப் பதித்து வார்ப்பது அது. இதைத் தெரியாத ஆளை வைத்துச் செய்யாதீர்கள், கம்பி கட்டுவதில் கணக்கு இருக்கிறது.

மரமும் பலகையும்

நான் ஏமாந்த இடம் இது. என் மகளின் அறைக்கு அழகான ரெடிமேட் அலமாரி, விலையும் சல்லிசு, வாங்கிப் போட்டேன். சாரல் நாட்களில் ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தால் காலையில் அவளுக்குக் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. சளி என்று நினைத்து ஒரு வாரம் கஷாயம் கொடுத்தோம். பிறகு ஒருநாள் அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன், எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது மரத்தூளை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அமுக்கிச் செய்த பலகை. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் இருப்பது. வெக்கையும் ஈரமும் கூடக் கூடப் பசையிலிருந்து அதிகமாகக் கசியும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அலமாரி இப்போது பின்தாழ்வாரத்தில் மண்வெட்டி, கடப்பாரைக்கு ஆகிறது.

பிளைவுட் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பலகையின் ஐஎஸ் தர எண் 303-ஆ 710-ஆ? எம்ஆர் எனப்படும் 303 வகையில் பெரும்பாலும் அந்த யூரியா பசைதான். பிடபிள்யூபி எனப்படும் 710 வகையில் பீனால் பசை, தண்ணீருக்கும் தாங்கும், வாயுவும் மிகக் குறைவாக விடும். பலகையின் ஓரத்தைப் பாருங்கள், பீனால் பசைக் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டாவது கேள்வி, ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் என்பதற்கான ஈ-1 அல்லது ஈ-0 முத்திரை இருக்கிறதா? எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) வாங்குவதாக இருந்தால் இந்த முத்திரை இல்லாமல் வாங்கவே வேண்டாம். அறுத்த ஓரங்களை எல்லாம் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள், வாயு அதிகம் வருவது அந்த வழியாகத்தான்.

பழைய நிலை, கதவு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அயனி, பலா, தேக்கு எல்லாம் ஐம்பது அறுபது வருஷம் காய்ந்து முறுக்காமல் நிற்கிற மரம். ஆனால் அதன் மேலுள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வெளியே. ஓட்டுக்கு அடியில் வரும் கைமரம், பட்டியல் சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டையின் மேலோட்டு எண்ணெய் அடிப்பது மலையாளத்துப் பழக்கம். பூச்சி வராது, கொல்லத்தில் கிடைக்கும். கையில் பட்டால் தோல் உரிந்துவிடும், அதனால் கையுறை கட்டாயம்.

பெயிண்ட், பிரைமர்

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது, டப்பாவிலேயே அது அச்சாகியிருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இந்த விதி வீட்டு உபயோகப் பெயிண்டுக்கு மட்டும்தான். கேட்டுக்கும் கிரில்லுக்கும் என்று கடைக்காரர் எடுத்துத் தருகிற தொழிற்சாலை எனாமல் அதில் வராது. பளீர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் ஈயம் அதிகம் சேர்ப்பது வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஈயத்தில் ஓர் அளவே கிடையாது, அவர்களோ ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டுதான் தெருவை வேடிக்கை பார்ப்பார்கள்.

இரும்புக்கு எல்லோரும் கேட்பது ரெட் ஆக்சைடு பிரைமர். ரெட் ஆக்சைடு வெறும் இரும்புத் துருதான், அதில் பயமில்லை. அதே டப்பாவில் ஜிங்க் குரோமேட் என்று சேர்த்து எழுதியிருந்தால்தான் பிரச்சினை, அது புற்றுநோய் தருகிற குரோமியம். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேளுங்கள். எங்கள் கடைக்காரர் முதலில் முழித்தார், அப்புறம் இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார்.

உள்சுவருக்குச் சுண்ணாம்பு இல்லையென்றால் தண்ணீரில் கரைகிற, வாடை குறைந்த எமல்ஷன் போதும். மிச்ச தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நம் ஊரில் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் தூரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கறையானும் குழாயும்

அஸ்திவாரத்தில் மருந்து அடிக்கிறோம் என்று வருவார்கள், பெரும்பாலும் குளோர்பைரிபாஸ். நரம்பைப் பாதிக்கிற மருந்து அது, வளாகத்தில் கிணறு இருந்தால் நான் வேண்டாம் என்பேன். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் தெளித்தபோதும் இது சும்மா பூச்சிக்குத்தான் என்றார்கள், 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. முதலில் செய்ய வேண்டியது வேறு: பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பும்போது சென்டரிங் பலகைத் துண்டு, மரத்தின் வேர், அட்டை, சணல் ஒன்றுகூட உள்ளே போகாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது. கறையானுக்கு விருந்து வைப்பதே நாம்தான். பேஸ்மட்டத்தின் வெளிப்பக்கம் ஒரு அடியாவது செடி, விறகு இல்லாமல் வெறுமையாக இருந்தால் கறையான் ஏறுகிற மண் கோடு கண்ணில் படும், தட்டிவிடலாம். மரம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. மூங்கில் வைத்தால் போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைத்த மூங்கில்.

பிவிசி குழாயில் ஈயம் சேர்ப்பதைக் குறைக்க 2021-ல் விதி வந்திருக்கிறது. குடிதண்ணீர் லைனுக்கு ஈயம் இல்லாதது என்று குழாயிலேயே அச்சடித்ததை வாங்குங்கள், பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் வேண்டாம்.

நல்ல நாள்

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, முந்தின ராத்திரி வரை டியூப் லைட் வெளிச்சத்தில் பெயிண்ட் அடித்து, விடியற்காலை அந்த வாடைக்குள்ளேயே பசுவையும் கன்றையும் ஓட்டி, ஹோமப் புகையும் சேர்த்து, கைக்குழந்தையோடு எல்லோரும் பத்து நாள் அங்கேயே படுப்பது நம் வழக்கம். பூச்சு வேலை தை பிறந்த பிறகு தொடங்கினால் மாசி, பங்குனி வெயிலில் காயும், பெயிண்டைச் சித்திரைக்குள் முடித்தால் சாரலுக்கு முன் ஒரு மாதம் ஜன்னலைத் திறந்து போட நேரம் கிடைக்கும். நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டால் பூஜையை முடித்துவிட்டு, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, மூன்று வாரம் பழைய வீட்டிலேயே படுங்கள். அதுவும் முடியாது என்றால் படுக்கிற அறைக்கு மட்டும் வெள்ளையடித்து வையுங்கள், அலமாரி அடுத்த சம்பளத்துக்கு வரட்டும், அதுவரை துணி கொடியில் கிடக்கட்டும்.